நாத்தனாரின் விரதமும் என் குடலும்

என் நாத்தனாருக்குக் காலை ஆறரை மணியானால் வயிறு சுத்தமாகிவிடும். மழையானாலும் வெயிலானாலும், கோலாலம்பூர் கல்யாணத்துக்குப் போனாலும், அதில் ஒரு மாற்றமும் கிடையாது. இதை அவர் நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதையெல்லாம் ஒரு பெருமை என்று பேச வேண்டுமா என்று கணவரிடம் முணுமுணுப்பேன். உண்மையில் அது எரிச்சல் இல்லை, பொறாமை. ஆறு வருடங்களாக என் வயிறு நாளொன்றுக்குப் பத்து பன்னிரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது, ரத்தத்தோடு.

எனக்கு வந்திருந்தது பெருங்குடல் அழற்சி. உடம்பு தன் சொந்தக் குடலையே எதிரி என்று நினைத்துப் புண்ணாக்கிக்கொள்ளும் நோய். நான் வேலை பார்ப்பது பினாங்கில், வெல்ட் கீ என்ற கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில். பத்திரங்களை எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது ஃபெரி ஏறி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போய் வர வேண்டும். ஃபெரியில் ஏறுவதற்கு முன்பு இந்தக் கரையில் ஒரு தடவை, இறங்கியதும் அந்தக் கரையில் ஒரு தடவை. ஜார்ஜ்டவுனில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிப்பறை இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும், எதில் தண்ணீர் வராது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள். மூத்திரத்தையாவது கொஞ்சம் அடக்கலாம் என்பது என் அனுபவம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவருக்கு மட்டும் தெரியும். நெஞ்சு வலி என்றால் சொல்லலாம், சர்க்கரை என்றால் சொல்லலாம், அதற்கு ஊரே பாகற்காய் வாங்கிக்கொண்டு வரும். இதை எப்படிச் சொல்வது? வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததில் நான் சம்பாதித்தது என் நாத்தனாரின் பகையைத்தான்.

அவர் என் கணவருக்கு மூத்த அக்கா. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுங்கை பினாங்கில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். லிஃப்ட் பழுதானால் ஒன்பது மாடியையும் படியேறி வந்து, கதவைத் திறந்து, அப்படியே அடுப்படிக்குப் போய் நிற்கிற உடம்பு. நோய் தொடங்கிய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். விடிவதற்கு முன்பே பாசாருக்குப் போய் நண்டு வாங்கி, பிரட்டல் வைத்து, ரசம் வைத்து, பாயசம் வரைக்கும் செய்திருந்தார். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். எழுந்து ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடியும் ஓடினேன். மூன்றாவது தடவை வெளியே வந்ததும் தட்டை மூடி வைத்துவிட்டு, கிளம்பலாம் என்று கணவரிடம் சொன்னேன். நாத்தனார் அந்த வாரமே உறவுக்காரர்களிடமெல்லாம், என் கைச்சாப்பாடு அந்த ராணிக்கு ஆகவில்லை, ரெண்டு வாய் தின்றுவிட்டு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும். சரி, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஃபிளாட்டுக்கு நான் போகவில்லை. அவர் என்னைப் பற்றி என் கணவரிடம் கேட்பார், நான் அவரைப் பற்றி என் கணவரிடம் கேட்பேன். அந்த மனிதர் ஆறு வருடம் இரண்டு பெண்களுக்கு நடுவில் தபால்காரராக இருந்தார்.

மாத்திரைகள் கேட்கவில்லை. ஸ்டீராய்டு என் முகத்தை இட்லியாக்கியதுதான் மிச்சம். விலை கூடிய ஊசி ஒன்று ஒரு வருடம் கேட்டது, பிறகு அதுவும் கைவிட்டது. என் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பெருங்குடலை முழுதாக எடுத்துவிட வேண்டியிருக்கும், மலம் சேர வயிற்றில் ஒரு பை வைப்பார்கள், பழகிவிடும் என்றார். டிசம்பர் முதல் வாரத்தில் அறுவை மருத்துவரைப் பார்க்க நாளும் குறித்துக் கொடுத்தார். பையோடு எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியே நிறுத்தியிருந்த காடியில், அதாவது காரில், உட்கார்ந்து அழுதேன். எனக்கு என் குடல் வேண்டும். புண்ணோ பழுதோ, அது என்னுடையது.

அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அவர்கள் ஆஸ்பத்திரியில் பரிசோதனையாகச் சிலருக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, உப்பு நீரில் கரைத்து, வடிகட்டி, ஸ்கோப் என்ற குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விடுவது. அதிலிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அங்கே குடியேறினால் புண் ஆற வழி பிறக்கலாம். அதோடு சாப்பாட்டையும் மாற்ற வேண்டும். நோயாளி மட்டும் இல்லை, கொடுக்கிறவரும் இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும்.

சாப்பாடு எதற்கு என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். "ஒரு ஃபிளாட்டில் புதுசாக ஆட்களைக் குடி வைக்கிறோம். தண்ணீர் இல்லை, கரெண்ட் இல்லை என்றால் எத்தனை நாள் இருப்பார்கள்? மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குடி வருகிறவர்களும் தெம்பாக வர வேண்டும், வந்த இடத்திலும் அவர்களுக்குச் சாப்பாடு இருக்க வேண்டும்." நிச்சயம் கேட்கும் என்று அவர் சொல்லவில்லை. கேட்கலாம் என்றுதான் சொன்னார். அந்த 'லாம்' எனக்குப் போதுமாக இருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சரி என்றேன். யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. கணவர்தான் முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். பல்வலிக்கு அவர் அப்போதுதான் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்திருந்தார். ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் பரீட்சையில் தோற்றவரைப் போல வந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் அக்காவுக்குப் போன் போட்டு, என் ஆறு வருட ரகசியத்தை ஆறு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார்.

நான் சமையலறையில் கையிலிருந்த கரண்டியை வீசாத குறை. "யாரக் கேட்டு சொன்னீங்க? உங்க அக்காகிட்டயா நான் போய் இதுக்கு நிக்கணும்?"

"அக்கா சரின்னு சொல்லிட்டாங்க லா."

"என்னன்னு சொன்னாங்க?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "'அவ்ளோதானா, தினம் வீணாப் போறதுதானே'ன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும்போது சிரிப்பு வந்தால் அதைவிடக் கோபம் வேறில்லை.

நாத்தனாரின் ரத்தத்தையும் மலத்தையும் தலைகீழாகப் புரட்டிச் சோதித்தார்கள். ஒரு குறை இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு குடலா என்று டாக்டரே வியந்தாராம். கணவர் அதை என்னிடம் வந்து சொன்னபோது, அந்த வீட்டுப் பெருமை அவர் முகத்தில் வழிந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. சிவப்பரிசி, வாழைக்காய், வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு, பூசணி, கீரை, வீட்டில் உறை ஊற்றிய தயிர், மீன், கோழி. டின்னிலும் பாக்கெட்டிலும் அடைத்து வருவது எதுவும் கூடாது. ஆட்டிறைச்சி கூடாது. கெட்டிப்பால் கூடாது, அதாவது தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் கூடாது. பினாங்கில் ஒரு தமிழருக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன கொடுக்க முடியும்? அந்த இரண்டு வாரத்துக்குள்ளேதான் தீபாவளியும் வந்தது. தீபாவளி ஆட்டுக்கறிக்குப் பேர் போன என் நாத்தனார், வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, தான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை என்று கணவர் சொன்னார். எனக்குக் கொஞ்சம் இளகியது, கொஞ்சம்தான்.

தினமும் சாப்பிடுவதைப் படம் எடுத்துத் தாதிக்கு வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. தாதி ஒரு தமிழ்ப் பெண். எல்லாருக்கும் காட்டும் அளவுக்கு நாத்தனார் அனுப்பும் படங்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. தட்டில் சிவப்புச் சோறு, பக்கத்தில் கீரை, வாழைக்காய் வறுவல், ஒரு ஓரத்தில் தயிர். ஒரு நாள் தவறவில்லை.

குறித்த வியாழக்கிழமை வந்தது. ஸ்கோப் அறை எங்களுக்கு வியாழக்கிழமைகளில்தான் கிடைக்கும். நான் முதல் நாளே ஒரு ஜாடி பேதி மருந்தைக் குடித்து, குடலைக் கழுவிய பாத்திரமாக்கிக்கொண்டு, பச்சை கவுன் போட்டுக் கட்டிலில் படுத்திருந்தேன். நாத்தனார் ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அவருக்கென்று தனிக் கழிப்பறை, மூடி போட்ட டப்பா, எல்லாம் தயார். ஆறரை ஆனது. ஏழு ஆனது. கணவர் வெளியே உலாத்தினார். எட்டு மணிக்குத் தாதி கதவைத் தட்டி, "என்னக்கா, ஆச்சா?" என்று கேட்டாள். உள்ளிருந்து, "இரும்மா," என்று ஒரு குரல். ஒன்பது மணிக்கு வெந்நீர் கொடுத்தார்கள். பத்து மணிக்கு நடக்கச் சொன்னார்கள். நாத்தனார் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். முப்பது வருடமாகத் தவறாத ஆறரை அன்றைக்குத் தவறிவிட்டது. ஒரு மனுஷி வெளிக்குப் போவதற்காக டாக்டர், தாதி, லேப் ஆட்கள், நான், என் கணவர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

பதினொரு மணிக்கு டாக்டர் நேராகவே கேட்டார், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று. நாத்தனார் தரையைப் பார்த்தார். தாதி தமிழில் கேட்டாள். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. படத்துல இருந்ததைச் சாப்பிட்டீங்கதானே?"

"சமைச்சேன். படம் புடிச்சேன். சாப்பிட்டேன்னு நான் சொல்லலையே."

"அப்ப யாரு சாப்பிட்டா?"

"பக்கத்து வீட்ல கொடுத்தேன். சஷ்டிம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து வெறும் பாலுதான். இவளுக்கு நல்லபடியா ஆகணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டு ஆறு நாள் விரதம். வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாது, அதான் சொல்லல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்காக அவரிடம் கேட்ட ஒரே உதவி வயிறாரச் சாப்பிடுவது. எனக்காகவே அவர் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறார். தாதி டாக்டருக்கு மொழிபெயர்த்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கணக்கைச் சொன்னார். மறுபடியும் பதினான்கு நாள் சாப்பாடு. இன்று சாயங்காலமே சாப்பிட ஆரம்பித்தால், இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை செய்துவிடலாம், அறுவையைத் தள்ளிவைத்துப் பார்க்கலாம். விரதம் முடிந்துதான் என்றால் அந்த வியாழன் போய்விடும். அதற்கு அடுத்தது டிசம்பரில். எனக்குப் போகும் ரத்தத்துக்கு அதுவரை பொறுக்க முடியாது, அறுவைதான்.

"சனிக்கிழம சூரசம்ஹாரம் பாத்துட்டு சாப்பிடறேன்," என்றார் நாத்தனார். "ரெண்டு நாள்தானே. பாதில விட்டா தெய்வக் குத்தம். அது என் தலைல விழுந்தாப் பரவால்ல, இவ தலைலல்ல விழும்."

நாத்தனாரையும் காடியில் ஏற்றிக்கொண்டு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வெடித்தேன்.

"நீங்க பட்டினி கெடந்தா எனக்கு என்னக்கா வரும்? காத்துதான் வரும்! எனக்கு உங்க விரதம் வேணாம். உங்க வயித்துல இருக்கறதுதான் வேணும்."

"முருகன் இல்லாம டாக்டரு மட்டும் கிழிச்சிருவாங்களா?"

கணவர் சோற்றைப் போட்டு இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் முதல் நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை, நாத்தனார் திங்கட்கிழமையிலிருந்து. அவர் தட்டைத் தள்ளினார். நானும் தள்ளினேன்.

"நீ சாப்பிடு. நோயாளி."

"நீங்க சாப்பிட்டாதான் நான் சாப்பிடுவேன்."

"பிடிவாதம் புடிக்காத. மயக்கம் போட்டு விழுவ."

"விழறேன். நீங்க பாத்துக்கிட்டு இருங்க."

மூன்று மணியானது, நாலு மணியானது. பசியில் எனக்குக் காது அடைத்தது. கணவர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார். பசி வந்தால் பத்தும் பறந்துவிடும் என்பார்கள். எனக்கு அன்றைக்குப் பறந்தது ஆறு வருட வெட்கம்தான்.

"உங்க சாப்பாடு எனக்கு ஆகலன்னு ஊர் பூரா சொன்னீங்களே," என்றேன். "அன்னிக்கு நான் எழுந்து எழுந்து ஓடுனப்ப உங்க வீட்டு தண்டாஸ்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? மொத மொதல்ல அங்கதான் ரத்தத்தப் பாத்தேன். செத்துருவேன்னு நெனச்சேன். மூணு தடவையும் ரத்தம். உங்க வீட்டுத் தரையெல்லாம் கழுவி விட்டுட்டு வெளிய வந்தேன். அந்த நண்டு எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு எனக்கு இன்னமும் நாக்குல இருக்கு. உங்களுக்கு அது மூஞ்சி சுளிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு அழுதேன். எனக்கு அழுவது பிடிக்காது, அதுவும் அவர் முன்னால்.  நாத்தனார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்?"

"கீரைய அவிச்சுக் குடுத்திருப்பேன்ல. வெறும் கஞ்சி வச்சுக் குடுத்திருப்பேன்ல." அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஆறு வருஷமா உன்னக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அந்தப் பாவத்துக்கு நான் என்ன விரதம் இருக்கறது?"

எழுந்து முருகன் படத்தின் முன்னால் போய் நின்றார். அங்கே மெதுவாகவெல்லாம் பேசவில்லை, தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் லீவு கேட்கிற மாதிரி தெளிவாகவே பேசினார். "அப்பா, பாதில விடறேன். குத்தம் என்னோடது, இவளுக்கு ஒண்ணும் பண்ணிராத. அடுத்த வருஷம் ஆறு நாளும் இருந்து கட்டிடறேன்." பிறகு வந்து உட்கார்ந்து, சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துத் தின்றார். என் தட்டைப் பார்த்துக் கண்ணால் காட்டினார். நானும் தின்றேன். ஆறிப்போன சோறு. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

அடுத்த பதினான்கு நாளும் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். இருவருக்கும் ஒரே பட்டியல் என்பதால் ஒரே அடுப்பு. நான் காய் நறுக்குவேன், அவர் தாளிப்பார். உப்பு போதவில்லை என்பேன். நாக்கு செத்துப்போச்சு உனக்கு என்பார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். படத்தை நான் எடுத்தேன், காலித் தட்டையும் சேர்த்து. தே ஓ கோசோங் என்ற பாலும் சர்க்கரையும் இல்லாத தேத்தண்ணியை இருவரும் முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தோம். இதற்கிடையில், எங்கள் சாப்பாடே தனக்கும் போதும் என்று சொல்லியிருந்த என் கணவர் ஒரு நாள் வெளியில் நாசி கண்டார் என்ற கறிக்குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டு வந்து அகப்பட்டுக்கொண்டார். சட்டையிலிருந்த குழம்பு வாசனை போதும். அக்காவும் நானும் சேர்ந்து அவரைப் பிடித்த பிடியில், இருவரும் பேசாமல் இருந்த காலமே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

அந்த வியாழக்கிழமை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு நாத்தனார் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தார். மூடி போட்ட டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பால்குடம் எடுத்து வருகிறவரைப் போல, சிந்தாமல் சிதறாமல் அடிமேல் அடி வைத்துத் தாழ்வாரத்தில் நடந்து வந்தார். தாதி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். "இரும்மா, நானே கொண்டுவந்து தரேன்," என்று லேப் கதவு வரைக்கும் போனார். கட்டிலில் இருந்தபடி நான் அதைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. இந்த உலகத்தில் எனக்காக யாரும் எதையும் அப்படித் தாங்கிக்கொண்டு வந்ததில்லை.

முதல் முறை ஸ்கோப் வழியாக விட்டார்கள். பிறகு இரண்டு முறை எனிமாவாக. ஒவ்வொரு முறையும் கொடுத்தவர் அவரேதான். அறுவை மருத்துவர் அறுவை நாளைத் தள்ளிக் குறித்துவிட்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஆறு தடவை போனேன். பிறகு நாலு. ரத்தம் நின்றுவிட்டதை முதலில் நான் நம்பவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நாத்தனார் தினமும் காலையில் போன் போட்டு, "எத்தன?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் இருப்பவர்கள் அது லாட்டரி நம்பர் என்று நினைத்திருப்பார்கள். தைப்பூசம் முடிந்த பிறகு ஒரு நாள் நான் "ஒண்ணு" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். "சரி வச்சிரு, பஸ்ஸு வந்திருச்சு," என்றார். 

அடுத்த ஸ்கோப்பில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புண் இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று என் குடல். நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அடங்கியிருக்கிறது, சாப்பாட்டை விட்டுவிடாதே என்றார். இது எல்லாருக்கும் கேட்பதில்லை என்றும், என்னோடு சேர்ந்தவர்களில் கேட்காமல் போனவர்களும் உண்டு என்றும் சொன்னார். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அறுவைக்குக் குறித்த நாளை அட்டையில் ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் ஃபெரியில் பட்டர்வொர்த் வரைக்கும் போனேன். எந்தக் கரையிலும் எதையும் தேடவில்லை. காற்று வாங்கிக்கொண்டு நின்றேன்.

மறு வருடம் தீபாவளி முடிந்து சஷ்டி வந்தது. ஆறு நாளும் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பால் மட்டும். ஆனால் ஒவ்வொரு வேளையும் எனக்கு அவரே சமைத்தார். சிவப்பரிசி, கீரை, மீன். ஒன்றும் சாப்பிடாமல் அவர் அடுப்படியில் வேகும்போது எனக்கு மட்டும் எப்படிச் சோறு இறங்கும்? மூன்றாம் நாள் மத்தியானம் அவர் உதடு காய்ந்து போயிருந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க பட்டினி கெடக்கறப்ப என்னால சாப்பிட முடியலக்கா."

அவர் தட்டை என் பக்கமே நகர்த்தினார். என் வயிற்றைக் கையால் காட்டினார்.

"அங்க உள்ள இருக்கறது யாரு? எல்லாம் என்னோடதுதானே. நான்தான் வேண்டிக்கிட்டேன், அதுங்க வேண்டிக்கல. அதுங்களப் பட்டினி போடாத. சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயாக, கடைசிப் பருக்கை வரைக்கும். அவர் எதிரில் உட்கார்ந்து, தானே சாப்பிடுகிறவரைப் போல நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.